ஹீட்டர் கம்பி

அன்று காலை என் கணவர் ஸ்ரீஸ்கந்தராஜா காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து, "ஆக்சிஜன் சென்சர்ல ஹீட்டர் போச்சு. அத மாத்தினா டேஷ்போர்டுல எரியுற வார்னிங் லைட் அணைஞ்சிடும்லா" என்றார். கையைக் கழுவிக்கொண்டு புக்கிட் தெங்காவுக்கு வேலைக்குப் போனார். அங்கேயே மாரடைப்பில் இறந்துபோனார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்ததும் அவருடைய அண்ணன் விநாசித்தம்பி, "காரோட கம்ப்யூட்டரே கெட்டிருக்கும். வந்த விலைக்குத் தள்ளிவிடு, தங்கச்சி" என்றார். காரை விற்க எனக்கு மனமில்லை. வாதாடத் தெம்பும் இல்லை. மெக்கானிக் ஹனீபாவை வரச்சொன்னேன்.

"தம்பி ஹீட்டர்னு சொன்னான். ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி சொன்னா சரியா இருக்குமா?" என்றார் விநாசித்தம்பி.

"சொன்னது கிராணின்னு மீட்டருக்குத் தெரியாது, அண்ணே" என்றார் ஹனீபா.

இன்ஜின் ஆறும்வரை ஹனீபா காத்திருந்தார். பிறகு சென்சரின் ஹீட்டர் வயர் இரண்டிலும் மீட்டரை வைத்தார். ஹீட்டர் நன்றாக இருந்தால் முள் நகர வேண்டும். அது நகரவில்லை. காரிலிருந்து சென்சருக்கு வரும் பிளக்கையும் சோதித்தார்.

"கரண்டு ஒழுங்கா வருது, அக்கா. ஹீட்டர் கம்பிதான் உள்ள அறுந்திருக்கு. கம்ப்யூட்டர்ல கோளாறு இல்ல."

புதிய சென்சர் போட்டதும் விளக்கு அணைந்தது. விற்கும் பேச்சை விநாசித்தம்பி பிறகு எடுக்கவில்லை.

இப்போது நான்தான் ஓட்டுகிறேன். என் கணவரைப் போலவே, கார் சாலையைப் பார்த்து நிற்கும்படி ரிவர்ஸில் ஏற்றித்தான் வீட்டில் நிறுத்துகிறேன்.