முதலாளி விட்டுக்கொடுத்த விதம்

அந்தப் பத்திரிகை ஆபீசில் ஊழியர்களுக்கான டேபிள் டென்னிஸ் போட்டி வருடா வருடம் மிக நேர்மையாக நடந்து வந்தது. முக்கியமான விதி ஒன்றுதான். போன வருடம் ஜெயித்தவர் நேராக இறுதி ஆட்டத்துக்கு வந்துவிடலாம். போன வருடம் ஜெயித்தவர் முதலாளி. அதற்கு முந்தைய வருடமும் அவரே. ஆகவே மற்ற எல்லாரும் ஒரு வாரம் வியர்க்க விறுவிறுக்க ஆடி, முதலாளியிடம் தோற்கும் உரிமை யாருக்கு என்பதைத் தங்களுக்குள் முடிவு செய்துகொள்வார்கள்.

அந்த உரிமை வழக்கமாக அச்சு மெஷின் ஃபோர்மேனுக்குப் போகும். தோற்பதில் அவர் கைதேர்ந்த ஆள். முதலாளி அடிக்கிற பந்து பெரும்பாலும் மேஜைப் பக்கமே வராது என்பதால் அவரிடம் தோற்பது லேசுப்பட்ட காரியமில்லை. கூரையைப் பார்த்துப் போகிற பந்தைக்கூடக் கோட்டைவிட்டவர் போல 'அடடா' என்று நெற்றியில் அடித்துக்கொள்ளத் தெரிய வேண்டும். ஃபோர்மேனின் 'அடடா'வைக் கேட்டு முதலாளியே சில சமயம் இரக்கப்பட்டதுண்டு.

இந்தச் செய்தியை விளையாட்டுப் பக்கத்தில் போடும் பொறுப்பு தம்பியுடையது. விளையாட்டுப் பக்கத்துக்கு இருந்ததே அவன் ஒரு ஆள்தான் என்பதால் ஆபீசில் அவனை 'ஸ்போர்ட்ஸ்' என்றே கூப்பிட்டார்கள். வீட்டில் அவன் தம்பி. அக்கா வீட்டு மாடி அறையில் தங்கி, அக்கா கையால் சாப்பிட்டு, அக்கா வேலை பார்க்கிற அதே ஆபீசுக்கு அவள் ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்து போகிறவன். அக்கா கீழே விளம்பர கவுன்ட்டரில் இருந்தாள். தம்பியின் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமாக்கும் ஆர்டர் டைப் ஆகி, முதலாளியின் கையெழுத்துக்காக மேனேஜரின் டிராயருக்குள் படுத்திருந்தது. மேனேஜர் தும்மினால்கூடத் தம்பி பதறிப்போய் கர்சீப் நீட்டிக்கொண்டிருந்த காலம் அது.

இறுதி ஆட்டம் சனிக்கிழமை சாயங்காலம். ஆனால் ஞாயிறு இணைப்பு சனிக்கிழமை மத்தியானமே மெஷினில் ஏறிவிடும். அதனால் முதலாளி ஜெயித்த செய்தியை அவர் ஜெயிப்பதற்கு முன்பே எழுதிவிடுவது ஆபீஸ் வழக்கம். நாலு வரி, ஒரு பழைய போட்டோ. யாருக்கும் சங்கடமில்லை.

இந்த வருடம் பார்த்து கடைசி நேரத்தில் ஒரு மெத்தைக் கடைக்காரர் தன் விளம்பரத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார். பக்கத்தில் கால்வாசி காலி. தம்பி கையைப் பிசைந்தான். பிறகு அந்த நாலு வரியை எடுத்து இழுத்தான். இழுக்க இழுக்க அது நன்றாகவே வந்தது.

"முதல் இரண்டு கேம்களை இழந்தும் மனம் தளராத முதலாளி, இடது மூலைக்கும் வலது மூலைக்கும் மின்னலெனப் பாய்ந்து, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த இரண்டையும் கைப்பற்றினார். ஐந்தாவது கேமின் கடைசிப் புள்ளியில் தரையோடு தரையாகப் பாய்ந்து அவர் பந்தை மீட்டது கண்கொள்ளாக் காட்சி!"

இணைப்பு அச்சாகிக் கட்டுக்கட்டாகக் கீழே இறங்கிய பிறகுதான் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"அரையிறுதி முடிஞ்சுது. ஃபோர்மேன் தோத்துட்டாரு."

"யார்கிட்ட சார்?"

"உங்க அக்காகிட்ட."

 அக்கா போட்டிக்குப் பெயர் கொடுத்தது தம்பிக்குத் தெரியும். ஏதோ பொழுதுபோக்குக்கு என்று நினைத்திருந்தான். அக்கா கல்லூரியில் ஆடியவள். மாவட்ட அணிக்கு அவளைத்தான் எடுப்பார்கள் என்று எல்லாரும் இருந்தபோது, பேட்டை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணை எடுத்தார்கள். அந்தப் பெண்ணின் சித்தப்பா தேர்வுக் குழுவில் இருந்தார். அன்றைக்கு மூலையில் போட்ட பேட்டை அக்கா இப்போதுதான் தூசி தட்டி எடுத்திருந்தாள்.

"பாருப்பா," என்றார் மேனேஜர், டிராயரை லேசாகத் திறந்து மூடியபடி. "முதலாளி ஜெயிச்சாருன்னு பேப்பர்ல வந்தாச்சு. ஜெயிக்கலன்னா என்ன ஆகும்? நம்ம பேப்பர்ல பொய் வந்த மாதிரி ஆகிடும். இத்தனை வருஷத்துல ஒரு திருத்தம் போட்டிருக்கமா நாம? உண்மைதான்யா நமக்கு முக்கியம். போய் அக்காகிட்ட பேசு. பேப்பர்ல எப்படி வந்திருக்கோ அப்படி நடக்கணும்."

கவுன்ட்டரில் அக்கா, பூனையைக் காணோம் என்று விளம்பரம் கொடுக்க வந்த ஒருவரிடம் பூனையின் நிறத்தை நாலே வார்த்தையில் சொல்ல வைத்துக்கொண்டிருந்தாள். அவர் போனதும் தம்பி கண்ணாடித் தடுப்பின் ஓட்டை வழியாக இணைப்பை உள்ளே தள்ளினான். அக்கா நின்று நிதானமாகப் படித்தாள்.

"ஏன்டா, நான் தோத்துட்டேன்னு நீயே எழுதி வச்சுட்டியா?"

"நீன்னு தெரியாதுக்கா. சத்தியமா ஃபோர்மேனை நெனச்சுதான் எழுதினேன்."

"'எதிராளி பயத்தில் நடுங்கினார்.' இதுவுமா ஃபோர்மேன்?"

"எடம் நெறய இருந்துச்சுக்கா."

"அந்த ஆர்டருக்காகத்தானே இப்படி முழிக்கிற?"

தம்பி கவுன்ட்டரில் இருந்த பசை டப்பாவைத் திறந்து மூடினான். அக்கா பேப்பரை இன்னொரு தரம் படித்தாள். இந்தத் தடவை உதட்டோரம் ஏதோ துடித்தது. அந்தத் துடிப்பு தம்பிக்குப் பழக்கம். சின்ன வயதில் அவன் முதுகில் துண்டுச்சீட்டு ஒட்டி அனுப்பிய நாட்களிலெல்லாம் அது வந்திருக்கிறது.

"சரி, தோத்துடறேன்."

"அக்கா!"

"உன் மேனேஜர்கிட்ட போய்ச் சொல்லு. பேப்பர்ல இருக்கிறபடியே ஆடறேன். ஒரு எழுத்து மாறாது."

ஆட்டம் பேப்பர் குடோனில் நடந்தது. ஆள் உயரத்துக்கு நின்ற நியூஸ்பிரின்ட் உருளைகளுக்கு நடுவே மேஜை. சுற்றிலும் ஞாயிறு இணைப்புக் கட்டுகள். அவற்றின் மேல் ஊழியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதாவது முடிவின் மேலேயே உட்கார்ந்து முடிவுக்காகக் காத்திருந்தார்கள். முதலாளி புது டீ ஷர்ட்டில் வந்தார். அது அவர் வயிற்றுக்கு ஒரு அளவு முன்னாலேயே முடிந்துபோயிருந்தது. இணைப்பை அவர் முன்பே படித்துவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. 'மின்னலென' என்ற சொல்லுக்காகத் தம்பியின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

நடுவர் மேனேஜர். ஒரு கையில் விசில், மறு கையில் இணைப்பு. தம்பி ஸ்கோர் அட்டையைத் திருப்பும் இடத்தில் நின்றான்.

முதல் இரண்டு கேம்களை முதலாளி இழக்க வேண்டும். செய்தியின் இந்தப் பகுதியை அவர் யாருடைய உதவியும் இல்லாமல் நிறைவேற்றினார்.

மூன்றாவது கேமில் அக்கா தோற்க ஆரம்பித்தாள். தோற்றாள் என்றால், பந்தை அவருடைய பேட்டிலேயே போய்ப் படும்படி பூப்போலப் போட்டாள். ஆனால் பேட் இருந்த இடத்துக்குப் போடவில்லை, பேட் வந்து சேர வேண்டிய இடத்துக்குப் போட்டாள். முதலில் இடது மூலை. முதலாளி ஓடினார், தட்டினார். பிறகு வலது மூலை. ஓடினார், தட்டினார். மறுபடி இடது. ஒவ்வொரு புள்ளிக்கும் அவரை ஏழெட்டு நடை நடத்திவிட்டு, கடைசியில் பந்தை உருளைகளுக்குப் பின்னால் அடித்து, "அடடா" என்றாள். ஃபோர்மேன் தொழில்முறை மரியாதையோடு தலையாட்டினார்.

கேம் முடிந்ததும் முதலாளி தள்ளாடிப் போய்த் தண்ணீர் கிளாஸை எடுத்தார்.

"சார்," என்றாள் அக்கா பணிவாக. "பேப்பர்ல..."

மேனேஜர் இணைப்பைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். பிறகு தானே போய் அந்த கிளாஸை மெல்ல அவர் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

"ஒரு வாய் தண்ணிகூடவா எழுதக் கூடாது?" என்று முதலாளி தம்பியைப் பார்த்துக் கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை, தாகம்தான் இருந்தது.

நாலாவது கேமில் அவர் மின்னல் மாதிரி இல்லை, மின்சாரம் போனபிறகு சுற்றும் ஃபேன் மாதிரி இருந்தார். அதையும் ஜெயித்தார். ஐந்தாவதில் ஸ்கோர் ஏறி ஏறி, முதலாளிக்கு இன்னும் ஒரே ஒரு புள்ளி என்று வந்து நின்றது.  தம்பி அட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். திருப்பினால் ஆர்டர்.

"சார், இதுதான் தரையோடு தரையா," என்று அக்கா ஞாபகப்படுத்தினாள். பிறகு பந்தை வலைக்குப் பக்கத்தில், மேஜையின் ஓரத்தில், ஒரு இறகு விழுகிற மாதிரி போட்டாள்.

முதலாளி பாய்ந்தார். அதில் குறை சொல்லவே முடியாது. செய்தியில் இருந்ததைவிட நன்றாகவே பாய்ந்தார். இடது ஷூ கழன்று உருளைகள் பக்கம் போயிற்று. மேஜைக்கு அடியில் குப்புற விழுந்தார். பந்து அவர் முதுகில் இரண்டு முறை குதித்துவிட்டு இறங்கி எங்கேயோ உருண்டது.

"பந்தைத் திரும்ப ஆடலாம் சார், லெட்!" என்று மேனேஜர் கத்தினார். "எந்திரிங்க சார், இன்னும் ஒரே ஒரு பாயின்ட்!"

"அந்தப் பாயின்ட்டை நீயே வச்சுக்கோய்யா," என்றது மேஜைக்கு அடியிலிருந்து ஒரு குரல். "ஏம்மா... நீயே ஜெயிச்சுக்கோ. என்னை ஆளை விடும்மா."

முதலில் கைதட்டியது ஃபோர்மேன். அதற்குப் பிறகு குடோனே தட்டியது. அக்கா சின்னதாக ஒரு சிரிப்புச் சிரித்து, பேட்டைத் துடைத்து உறையில் போட்டாள். இரண்டு லோடிங் ஆட்கள் முதலாளியைத் தூக்கி நாற்காலியில் வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊர் முழுக்க முதலாளி ஜெயித்தார். அன்றைக்கே சாயங்காலம் அவர் அறைக்குள் தம்பி நின்றான். அறை முழுக்க வலி நிவாரணித் தைலம் மணத்தது. மேஜை மேல் தம்பியின் ஆர்டர், அதன்மேல் மூடி திறந்த பேனா. மேனேஜர்தான் பேசினார்.

"குடோன்ல நாப்பது பேர் பாத்துட்டான். வெளிய பேச ஆரம்பிச்சுட்டான். அதனால நாளைக்கு ஒரு சின்ன விளக்கம் போட்டுடலாம். திருத்தம் இல்ல, விளக்கம். பெண்களை ஊக்குவிக்கறதுக்காக முதலாளி விட்டுக்கொடுத்தாரு. அவ்வளவுதான்."

"உங்க அக்கா நல்லா ஆடுச்சுப்பா," என்றார் முதலாளி, ஸ்டூலில் நீட்டியிருந்த காலைப் பார்த்தபடி. "அதுக்காகத்தான் விட்டுக்கொடுத்தேன்னு இவர் சொல்றாரு. யோசிச்சுப் பாத்தா அப்படித்தான் தோணுது. நீ எழுதினா உருக்கமா இருக்கும்."

தம்பி தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தான். எழுதாவிட்டால் ஆர்டர் மறுபடி டிராயருக்குள் போய்ப் படுத்துவிடும். எழுதினால், ஒரு முறை யாரோ ஒரு பெண்ணின் சித்தப்பாவிடம் பறிகொடுத்ததை அக்கா இன்னொரு முறை தம்பியிடம் பறிகொடுப்பாள். அதற்குப் பிறகு அந்த ஸ்கூட்டரின் பின்சீட்டில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு உட்காருவது?  கடைசியில் மேனேஜர் சொன்னதை அப்படியே முதல் வரியாக அடித்தான். அப்புறம் நடந்ததையும் ஒன்றுவிடாமல் சேர்த்தான்.

"சனிக்கிழமை நடந்த இறுதி ஆட்டத்தில், பெண்களை ஊக்குவிக்கும் பொருட்டு நமது முதலாளி பெருந்தன்மையுடன் விட்டுக்கொடுத்தார். முதல் இரண்டு கேம்களிலேயே அவர் தாராளமாக விட்டுக்கொடுத்தார். அடுத்த இரண்டில் ஓடி ஓடி விட்டுக்கொடுத்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. கடைசிப் புள்ளியில் மேஜைக்கு அடியில் குப்புறப் படுத்து விட்டுக்கொடுத்தார். அவருடைய இடது ஷூ கழன்று தனியாகச் சென்று விட்டுக்கொடுத்தது. எழுந்திருக்குமாறு மேனேஜர் எவ்வளவோ மன்றாடியும் அவர் மனம் மாறவில்லை. 'என்னை ஆளை விடும்மா' என்று பெண்குலத்தை வாழ்த்திய அவர், இருவர் தூக்கி நாற்காலியில் அமர்த்தும்வரை தொடர்ந்து விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தார்."

மேனேஜர் படித்தார். முகம் வெளுத்தது. என்னமோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் முதலாளி பிரதியை வாங்கிக்கொண்டார்.

"'மனம் மாறவில்லை'," என்று அவர் மெதுவாக வாசித்தார். "'தொடர்ந்து விட்டுக்கொடுத்துக்கொண்டே.' அடடா. பாத்தியாய்யா? கூட இருந்து பாத்தவன் எழுதின மாதிரி இருக்கு."

"சார், அதுல வந்து..." என்று மேனேஜர் இழுத்தார். அதில் என்ன தப்பு என்று சொல்ல வேண்டுமானால் சனிக்கிழமை என்ன நடந்தது என்று முதலாளி முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். மேனேஜர் ஆர்டரை முதலாளி பக்கம் நகர்த்தினார். முதலாளி பேனாவை எடுத்து ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். கை தூக்கும்போது மட்டும் கொஞ்சம் முனகினார்.

திங்கட்கிழமை காலை வீட்டில் அக்கா பேப்பரின் தலைப்பைப் பார்த்தாள். 'முதலாளி விட்டுக்கொடுத்தார்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. சாப்பாட்டுத் தட்டைத் தம்பி முன்னால் நங்கென்று வைத்தாள். அக்காவின் வீட்டுக்காரர், மாமாதான் பேப்பரை எடுத்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். 'தாராளமாக'வில் அவருக்குச் சந்தேகம் வந்தது. ஷூவுக்கு வந்தபோது பேப்பரைக் கீழே வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மிச்சத்தை அக்காவே பிடுங்கிப் படித்தாள். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

"எல்லாம் சரிடா," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ரெண்டாவது கேம்ல நான் ஒரு பேக்ஹேண்ட் அடிச்சேனே, அது எங்க?"

"எடம் இல்லக்கா."

"எடம் இல்லையா? இதுக்குக் கீழ இவ்ளோ பெருசா மெத்தை படம் போட்டிருக்கு?"

"அந்தக் கடைக்காரர் திரும்ப வந்துட்டாரு. அது காசு கொடுத்த எடம்."

"அப்ப நான் அடிச்சது ஓசியா? உங்க மச்சானை நல்லா பாக்கச் சொல்லுங்க," என்று மாமாவிடம் சொல்லிவிட்டு, அக்கா காலித் தட்டை எடுத்துக்கொண்டு நடுக்கூடத்தில் போய் நின்றாள். முழங்கால் மடிந்தது, இடுப்பு திரும்பியது, தட்டு காற்றைக் கிழித்துக்கொண்டு போயிற்று. மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்க விழுந்துது சொல்லு?"

நிரந்தர ஊழியனான தம்பி, கூடத்தின் எதிர்மூலையைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "கோட்டு மேலக்கா."

"அவுட்டா உள்ளயா?"

"உள்ள."

"எழுதுறா," என்றாள் அக்கா.