ஷிபுவின் இடது கண்

ஷிபு உதியன்குளங்கரை முக்கில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். முதல்முறை இடது கண் வலித்தபோது தூசி விழுந்ததாகத்தான் நினைத்தான். கண்ணை அசைத்தால் பின்பக்கம் யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. ஓரிரு நாளில் அந்தக் கண்ணுக்கு முன்னால் புகை படிந்துவிட்டது. திருவனந்தபுரத்தில் பார்த்த டாக்டர், கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு வீங்கியிருக்கிறது என்றார். ஸ்டீராய்டு ட்ரிப் ஏற்றினார்கள். பார்வை மெல்லத் திரும்பியது. இதற்கு அடியில் வேறு நோய் இருக்கலாம், ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். பார்வைதான் வந்துவிட்டதே என்று ஷிபு போகவில்லை.

மறுவருடம் அதே கண்ணில் மறுபடியும் வந்தது. அப்போதும் தேறினான். இம்முறை டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: இனி மங்கினால் அன்றைக்கே வர வேண்டும், வண்டியைத் தொடக் கூடாது.

மூன்றாவது முறை ஒரு மழைக்காலத்துக் காலையில் வந்தது. பல் தேய்த்துக்கொண்டே வலது கண்ணைப் பொத்திப் பார்த்தான். கொடியில் கிடந்த, மனைவி ஜிஜாவின் சிவப்புச் சேலை பழைய செங்கல் நிறத்தில் தெரிந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது. ஜிஜாவிடம் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்த ஒரு சவாரி இருந்தது, அதை முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வண்டியை எடுத்தான்.

குன்னத்துகால் பக்கத்தில், சாலையின் இடது ஓரத்திலிருந்து பால் பாத்திரத்தோடு இறங்கிய பெண்ணை அவன் பார்க்கவேயில்லை. இடித்த சத்தம் கேட்ட பிறகுதான் பிரேக்கை மிதித்தான்.

அவள் பெயர் சுகுமாரி. பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போனவள். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. கூடியவர்கள் எல்லோரும் அவள் பார்க்காமல் குறுக்கே வந்ததாகவே சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் அவளுடைய மகன் தீபு ஷிபுவின் சட்டையைப் பிடித்தபோது, படுத்திருந்த சுகுமாரிதான் தடுத்தாள்.

"அவன விடு மக்கா. எனக்க தப்பாக்கும். ரண்டு பக்கமும் பாக்காம எறங்கிட்டேன்."

ஷிபு வாய் திறக்கவில்லை.

அன்றிலிருந்து அவன் வண்டியை எடுக்கவில்லை. பஸ் ஏறி, ஜிஜா வைத்த கஞ்சியும் பயறும் சுகுமாரிக்குக் கொண்டுபோனான். பக்கத்துக் கட்டில்காரர்களிடம் சுகுமாரி அவனைப் பற்றி நல்லவிதமாகச் சொல்வாள். இடித்தவன் திரும்பிப் பார்க்காமல் ஓடுகிற காலத்தில் இப்படியும் ஒரு பிள்ளை என்பாள். அதைக் கேட்கும்போது அவனால் அங்கே நிற்க முடியாது. பாத்திரம் கழுவும் சாக்கில் வெளியே போய்விடுவான்.

கண் டாக்டரிடம் போனால் உண்மை வெளியே வந்துவிடும் என்று தள்ளிப்போட்டான். அதற்குள் கண் இன்னும் இருண்டது. ஜிஜா கண்டுபிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இம்முறை எல்லாப் பரிசோதனைகளும் நடந்தன. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் உறையைப் பகையென்று நினைத்துத் தாக்குகிறது, ரத்தத்தில் அதற்கான அடையாளம் இருக்கிறது என்றார் டாக்டர். திரும்ப வராமலிருக்க நெடுநாள் மருந்து வேண்டும். இது ஏன் வருகிறது என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது, இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை என்று அவர் ஆறுதலாகச் சொன்னபோது ஷிபு குலுங்கி அழுதான். நோயை நினைத்து அழுகிறான் என்று டாக்டர் எண்ணிக்கொண்டார். ஜிஜாவுக்கு மட்டும் சந்தேகம் தட்டியது. வரும் வழியில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவள், அந்த அக்காவிடம் போய்ச் சொல்லாமல் வீட்டுக்குள் வர வேண்டாம் என்றாள்.

சுகுமாரி அப்போது வீட்டுக்கு வந்திருந்தாள். ஷிபு அவள் கட்டிலருகே நின்றான்.

"அக்கா, தப்பு ஒங்களுக்கதில்ல. எனக்கு அண்ணைக்கு எடது கண்ணு காணாது. காலத்த எந்திச்சப்பவே தெரியும். தெரிஞ்சிட்டுதான் வண்டி எடுத்தேன்."

சுகுமாரி தன் காலைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"இத்தன நாளும் நான் என்னயல்லா ஏசிட்டுக் கெடந்தேன்," என்றாள். குரல் உயரவில்லை. "நீ இனி இங்க வரண்டாம்."

தீபு போலீசில் புகார் கொடுத்தான். கேட்டபோது ஷிபு எதையும் மறைக்கவில்லை. வழக்கு நடக்கிறது. லைசென்ஸ் போனது. ஆட்டோவை விற்றுவிட்டு, பாறசாலையில் ஒரு கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தான். மருந்தைத் தவறவிடுவதில்லை. நோய் திரும்ப வரவில்லை. ஆனால் இடது கண் இந்த முறை முழுதாகத் தேறவில்லை.

ஒரு மாலையில் பஸ் நிறுத்தத்தில் சுகுமாரியைக் கண்டான். கம்பு ஊன்றி நின்றிருந்தாள். அவன் விலகிப் போய் நின்றான். பஸ் வந்தது. படி உயரமாயிருந்தது. ஒரு கையில் கம்பும் மறு கையில் பையுமாக அவளால் ஏற முடியவில்லை. கை கொடுக்க ஷிபுவுக்குத் துணிவு வரவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இதப் பிடி."

பையை வாங்கிக்கொண்டான். அவள் கம்பியைப் பற்றி ஒவ்வொரு படியாகக் காலை இழுத்து ஏறினாள். அவன் பின்னால் ஏறினான். உள்ளே உட்கார்ந்ததும் கையை நீட்டிப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு முன்பக்கம் பார்த்தாள். ஷிபு பின்பக்கம் போய் நின்றுகொண்டான்.