மூன்று மொழிக்கு ஒரு மெட்டு

கெலமங்கலம் திருவிழாக் கச்சேரியில், சுற்று வட்டாரத்து ஜனமெல்லாம் கூடியிருந்த மாலை வேளையில், பொற்கொடியின் குரல் உடைந்து போனது.

சந்திரசூடா மெல்லிசைக் குழுவின் முதல் பாடகி சுவாதி, பெங்களூரிலிருந்து வருகிறவள். அன்று அத்திப்பள்ளிக்குப் பக்கத்தில் லாரி ஒன்று சாலையில் கவிழ்ந்து கிடந்ததில் அவள் வந்த பேருந்து அங்கேயே நின்றுவிட்டது. விழாக் கமிட்டிக்காரர்கள் நிமிடத்துக்கு ஒரு தடவை மேடைப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். குழுவை நடத்தி, கீபோர்டும் வாசிக்கிற வெங்கடப்பன் இரண்டாம் பாடகியைப் பார்த்து, "ஏம்மா பொற்கொடி, சுவாதி பாட்டை நீ பாடறியா? சுருதியைக் கொஞ்சம் எறக்கி வெச்சுக்கலாம்" என்றார்.

"எறக்க வேணாங்கண்ணா. அப்படியே பாடறேன்" என்றாள் பொற்கொடி.

அந்தக் குழுவில் சேர்ந்த நாளிலிருந்து கோரஸும், ஜோடிப் பாட்டில் பாதியும்தான் அவளுக்கு. முழுப் பாட்டு, அதுவும் சுவாதியின் பாட்டு, கைக்கு வந்தபோது அதைக் குறைத்துப் பாட அவளுக்கு மனம் வரவில்லை. பல்லவி நன்றாகத்தான் போனது. சரணத்தில் உச்சிக்கு ஏறுகிற இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்து, பிறகு காற்று மட்டும் வந்தது. கூட்டத்தில் ஒருவன், "அக்கா, சோடா குடிச்சிட்டு வாங்கக்கா" என்றான். சிரிப்பு அலையாக எழுந்து பின்வரிசை வரைக்கும் போனது. வெங்கடப்பன் சட்டென்று கீபோர்டில் புல்லாங்குழல் ஓசையை அழுத்தி மீதி வரியை வாசித்து முடித்தார். அவள் பல்லவியில் வந்து ஒட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் மேடையில் நிற்கவில்லை. ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தவள் கச்சேரி முடியும்வரை எழவே இல்லை.

பொற்கொடி நாட்றாம்பாளையத்துக்காரி. அப்பா கோவிந்தனுக்கு மலைச்சரிவில் ராகியும் கொள்ளும் விளைகிற நிலம். பன்னிரண்டாவது முடித்ததும் ஓசூர் சிப்காட்டில், வண்டிகளுக்கு வயரிங் செட் கட்டுகிற கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது. கூட வேலை செய்கிற தங்கமணியோடு சேர்ந்து, நஞ்சம்மா என்கிற கன்னடக்காரப் பெண்மணியின் வீட்டு மாடியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். தங்கமணி உசிலம்பட்டிப் பக்கம். மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவாள்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது பொற்கொடி சொன்னாள். "இனிமே பாட்டுக்குப் போவலை. வெங்கடப்பண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன்."

"சரி, போகாத."

இவ்வளவு சுலபமாகத் தங்கமணி ஒத்துக்கொள்வாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் வலிக்கவும் செய்தது. "என்னாடி இப்படிச் சொல்ற?"

"பின்ன என்னத்தச் சொல்ல? உனக்குக் கொரலு நல்ல கொரலுதான். ஆனா அந்த சுவாதிப் புள்ள கொரலு வேற. அது தெரியாமயா இருக்க? நீ பாடுறத விட, நீயா ஒண்ண இட்டுக்கட்டுவ பாரு, அதுதான்டி எனக்குப் பிடிக்கும். லைன்ல புதுசா வார புள்ளைகளுக்குக் கலர் சொல்லிக் குடுப்பியே, அது மாதிரி."

பொற்கொடி சிரித்துவிட்டாள். எந்த நிற வயர் எந்தத் துளையில் போக வேண்டும் என்பது புதிதாக வருகிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளே அந்த வரிசையை மறக்காமல் இருக்க, சிவப்புக்கும் கறுப்புக்கும் பச்சைக்கும் ஒரு மெட்டு கட்டி முனகிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் லைன் முழுக்க அதுதான். சூப்பர்வைசர்கூட அதை முனகியபடிதான் செட்டைச் சரிபார்ப்பார். "அதெல்லாம் ஒரு பாட்டா?" என்றாள்.

"எனக்கு என்னத்தத் தெரியும்? பாட்டு மாதிரித்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தங்கமணி ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கிப்போனாள்.

அந்த வாரமே வெங்கடப்பனிடமிருந்து போன் வந்தது. பாகலூர் சாலையில் அவருக்கு ஒரு செல்போன் ரீசார்ஜ் கடை உண்டு. கடையின் பின்பக்கம் தடுத்து, ஒரு மைக்கும் கம்ப்யூட்டரும் வைத்து, சின்னச் சின்ன ரெக்கார்டிங்கும் செய்துகொண்டிருந்தார்.

"மேடைக்குக் கூப்பிடலைம்மா. புதுசா ஜவுளிக்கடை தெறக்கறாங்க. ஆட்டோல வெச்சு ஊரெல்லாம் சுத்தறதுக்கு ஒரு விளம்பரம் பேசணும். தமிழ், கன்னடம், தெலுங்கு மூணும் வேணுமாம். உனக்குத்தான் மூணும் வருமே. வந்து பேசிட்டுப் போயிடு."

அவரிடம் மாட்டேன் என்று சொல்ல அவளால் முடியவில்லை. கெலமங்கலத்தில் கூட்டம் சிரித்தபோது ஒரு வார்த்தை பேசாமல் புல்லாங்குழல் வாசித்த மனுஷன் அவர்.

போய்ப் பார்த்தால், கடைக்காரர் கொடுத்த வாசகத்தை வெங்கடப்பன் மூன்று மொழியையும் தமிழ் எழுத்திலேயே எழுதி வைத்திருந்தார். கன்னடத்தில் வருக வருக என்பதற்கு 'பன்னி பன்னி' என்று இருந்ததைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இத அப்படியே படிச்சா கடைக்கு யார்ணா வருவாங்க?" என்றாள். அவரும் சிரித்தார். பட்டு, பாலியஸ்டர், பள்ளிச் சீருடை என்று பலசரக்குச் சீட்டு மாதிரி நீண்டுகொண்டே போன வாசகத்தை இரண்டு தடவை பேசிப் பார்த்தார்கள். கேட்கச் சகிக்கவில்லை.

"அண்ணா, இதைப் பாடிட்டா என்ன?"

"மெட்டு?"

"நான் யோசிச்சு வர்றேன்."

தமிழுக்கு மெட்டு அன்று இரவுக்குள் வந்துவிட்டது. வாங்க என்றால் வருவது. வாங்க என்றால் வாங்குவதும்தான். அந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததும் வரி தானாக ஆட ஆரம்பித்தது. ஆனால் அதே மெட்டில் கன்னடத்தைப் போட்டால் யாரோ வெளியூர்க்காரர் பேசுவதுபோல இருந்தது. தெலுங்கைப் போட்டால் மூச்சு முட்டியது. சொல்லை மாற்றிப் பார்த்தாள், தாளத்தை மாற்றிப் பார்த்தாள். ஒன்றும் சரிப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நஞ்சம்மா கீரைக் கட்டுகளோடு உழவர் சந்தைக்குக் கிளம்பினாள். கூடையை ஒரு கை பிடிக்கப் பொற்கொடியும் கூடப் போனாள். சந்தையில் கடை விரித்து உட்கார்ந்ததும் நஞ்சம்மா கூவத் தொடங்கினாள். வருகிறவர்களின் நடையையும் உடையையும் பார்த்தே அவர்கள் வீட்டில் என்ன பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஒருவரைப் பார்த்து, "வாங்க." அடுத்தவரைப் பார்த்து, "பன்னி." அதற்கடுத்தவருக்கு, "ரண்டி."

கொத்தமல்லிக் கட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த பொற்கொடியின் கை அப்படியே நின்றது.

மூன்று சொல்லுக்கும் நடை ஒன்றாகவே இருந்தது. முதல் எழுத்தில் அழுத்தி நின்று, அடுத்ததில் லேசாக வந்து இறங்குகிறது. ஆனால் குரல் போகிற வழி வேறு வேறு. தமிழில் கூப்பிடும்போது முதல் எழுத்தை நீட்டி இழுக்கிறாள். கன்னடத்தில் கடைசியைத் தூக்கிவிடுகிறாள். தெலுங்கில் ஒரு சின்னக் குலுக்கல். பொற்கொடி இத்தனை நாளும் தமிழுக்குத் தைத்த சட்டையை மற்ற இரண்டுக்கும் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். தாளம் ஒன்றாக இருக்கட்டும். மெட்டு அந்தந்த மொழி கூப்பிடுகிற மாதிரி போகட்டும். மூன்றும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து சேரட்டும்.

"நஞ்சம்மக்கா, இன்னொரு தரம் கூப்பிடுங்க."

"யாரன்ன?" யாரை என்று கேட்டுச் சுற்றிலும் பார்த்தாள் நஞ்சம்மா. எதிரே ஆள் யாரும் இல்லை.

"யாரையும் இல்லை. சும்மா."

நஞ்சம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஆனாலும் கூப்பிட்டாள். தமிழில், கன்னடத்தில், தெலுங்கில். பொற்கொடி கேட்கக் கேட்கச் சலிக்காமல் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். பக்கத்துக் கடைக்காரி, வாங்க ஆளே இல்லாமல் என்ன கூவல் என்று கேட்டதற்கு, "நம்ம ஹுடுகி கேட்டாளெ" என்று மட்டும் சொன்னாள். நம்ம வீட்டுப் பெண் கேட்கிறாள் என்று அதற்குப் பொருள். வாடகைக்கு இருக்கிறவளை அவள் அப்படிச் சொன்னதைக் கேட்டுப் பொற்கொடி அவள் பக்கமாக இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

ரெக்கார்டிங் அரை நாளில் முடிந்தது. உச்சிக்கு ஏறுகிற வேலையே அதில் இல்லை. அவள் குரல் எங்கே சௌகரியமாக இருக்குமோ அங்கேயே மெட்டு இருந்தது. வெங்கடப்பன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு மறுபடி ஒரு தடவை போட்டுக் கேட்டார். அப்புறம் இன்னொரு தடவை.

அடுத்த வாரம் ஆட்டோ ஊரைச் சுற்ற ஆரம்பித்தது. கம்பெனி பஸ் டிரைவர் ராயக்கோட்டை சாலைத் திருப்பத்தில் அதை முனகினார். கேன்டீனில் தட்டுக் கழுவுகிற இடத்தில் யாரோ கன்னட வரியைப் பாட, வேறு யாரோ தெலுங்கு வரியைப் பிடித்தார்கள். அது யார் போட்டது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. தங்கமணி வாயைத் திறக்கப் போனாள். பொற்கொடி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். தன்னைப் பார்க்காமல், தன்னை நினைக்காமல், ஜனங்கள் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருப்பதை நின்று கேட்பது இத்தனை இன்பமாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மேடையில் கைதட்டல் வாங்கிய நாள்களில்கூட அவளுக்கு இப்படி இருந்ததில்லை.

ஆடி கழிந்ததும் பெங்களூரிலிருந்து அழைப்பு வந்தது. மாதவன் என்பவர் அங்கே ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருந்தார். விளம்பரப் பாட்டும் பக்திப் பாட்டும் செய்கிறவர். கிருஷ்ணகிரிக்குப் போகிற வழியில் ஓசூரில் டீ குடிக்க நின்றபோது ஆட்டோவில் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறார். ராகி மால்ட் விற்கிற ஒரு கம்பெனிக்கு அதேபோல மூன்று மொழியில் பாட்டு வேண்டும். மெட்டு அவள்தான் போட வேண்டும் என்றார்.

பெங்களூர் போக வேண்டிய அன்று அவளுக்குப் பகல் ஷிப்ட். தங்கமணி தன் வாராந்திர விடுமுறையை விட்டுக்கொடுத்து அவளுக்குப் பதிலாக வேலைக்குப் போனாள். "திரும்பி வரும்போது எதாச்சும் திங்க வாங்கிட்டு வா, போதும்" என்றாள்.

ஸ்டுடியோவில் முதல் அரை மணி நேரம் பொற்கொடிக்குக் கை கால் ஓடவில்லை. என்ன ராகம், என்ன சுருதி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மாதவன் அதையெல்லாம் கேட்கவில்லை. "நீங்க பாடுங்கம்மா. அதுக்குப் பேர் வைக்க இங்க ஆள் இருக்காங்க" என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். கீபோர்டுக்காரர் கூடவே வாசித்து வந்தார். ஓரிடத்தில் நிறுத்தி, இந்த ஸ்வரம் இங்கே ஏன் என்று கேட்டார். "எங்க ஊர்ல பசியான்னு கேக்கறப்ப அப்படித்தாங்க கேப்பாங்க" என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு அதை அப்படியே வைத்துக்கொண்டார்.

மதியம் சாப்பிடும்போது மாதவன் சாதாரணமாக ஒன்று சொன்னார். "நான் முதல்ல வெங்கடப்பன் சாரைத்தான் வரச் சொன்னேன். அந்த ஜவுளிக்கடையில அவர் பேரைத்தான் குடுத்தாங்க. மெட்டு அவரோடதுன்னு நெனச்சுட்டேன்."

பொற்கொடி சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"அவர் உடனே சொல்லிட்டார். நான் வாசிச்சதோட சரி, போட்டது எங்க பொற்கொடி, அவளைக் கூப்பிடுங்கன்னு. ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கன்னு சொன்னேன். வேணாம், நான் பக்கத்துல இருந்தா அவ என் முகத்தைப் பாத்து மாத்திடுவான்னார். அதான் நீங்க மட்டும்."

வெங்கடப்பனுக்கு இளம் வயதில் இதே பெங்களூரில் ஸ்டுடியோ ஸ்டுடியோவாக ஏறி இறங்கிய கதை உண்டு. அவரே வேடிக்கையாகச் சொல்லுவார். அங்கிருந்து அவரைத் தேடி வந்த முதல் அழைப்பு இதுவாகத்தான் இருந்திருக்கும். அதை இப்படித் திருப்பி விட்டிருக்கிறார். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அன்று மதியம் பாட்டு நன்றாக வந்தது.

தங்கமணிக்கு மைசூர்பாக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, மறுநாள் வேலை முடிந்த கையோடு பாகலூர் சாலைக்குப் போனாள். வெங்கடப்பன் யாருடைய போனையோ பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, மாதவன் சார் எல்லாம் சொன்னாரு."

"என்னாத்தை?"

"உங்களைத்தான் மொதல்ல கூப்பிட்டாங்களாமே."

"ஓ, அதுவா" என்றார், போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல். "நான்தான்னு சொல்லிப் போயிருந்தா, அடுத்த பாட்டு கேப்பாங்களே. எனக்கு எங்கம்மா வரும்? மாட்டிக்குவேன்."

அவர் அதைச் சிரிப்பாக்கியது அவளுக்காகத்தான் என்று அவளுக்குப் புரிந்தது. நன்றி என்ற சொல் அந்தச் சின்னக் கடைக்குள் பொருந்தாது போலிருந்தது. "மனசு நெறைஞ்சு இருக்குதுங்கண்ணா" என்று மட்டும் சொன்னாள். அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்து, "எனக்கும்தாம்மா" என்றார்.

அதற்குப் பிறகும் வெகுகாலம் அவள் கம்பெனி வேலையை விடவில்லை. விடுமுறை நாள்களில் பெங்களூர் போய் வந்தாள். விளம்பரம் போய்ப் பக்திப் பாட்டு வந்தது. மாதேஸ்வரன் மலைக்கு நடந்து போகிறவர்களுக்காக ஒரு முழு சி.டி.க்கு மெட்டமைத்தாள். அதில் சுவாதியைப் பாட வைக்கச் சொல்லிக் கேட்டவளும் அவள்தான். அந்த சி.டி.யின் அட்டையில் 'இசை: பொற்கொடி' என்று அச்சாகி வந்ததைக் கோவிந்தன் அஞ்செட்டி பஸ் ஸ்டாண்டில் பார்த்துவிட்டு, மகளுக்குப் போன் செய்து, "நெசமாலும் நீதானா?" என்று கேட்டார். நான்தான் என்றாள். "அப்ப அந்தக் கம்பெனி வேலைய என்னாத்துக்கு வெச்சுக்குனு இருக்கற?" என்றார். அந்த மாதக் கடைசியில் வேலையிலிருந்து நின்றாள்.

நின்ற மறுநாள் காலை, எங்கேயும் அவசரமாகக் கிளம்ப வேண்டியில்லாமல், வெங்கடப்பனின் கடையில் போய் உட்கார்ந்தாள். அவர் டீ சொல்லிவிட்டு, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டார். "நம்ம கச்சேரி தொடங்கும்போது இன்னமும் யார் பாட்டையோதான் வாசிச்சுக்குனு இருக்கோம். நம்ம குழுவுக்குன்னு ஒரு தொடக்கப் பாட்டு போட்டுத் தர்றியா?"

"குழுப் பேரை ஒரு தரம் சொல்லுங்கண்ணா."

"உனக்குத் தெரியாதா என்ன?"

"தெரியும். உங்க வீட்ல எப்படிச் சொல்லுவீங்களோ, அப்படிச் சொல்லுங்க."

வெங்கடப்பன் கொஞ்சம் கூச்சத்தோடு, வீட்டில் பேசுகிற தெலுங்கின் வாடை வீச, பேரைச் சொன்னார். பொற்கொடி டீ கிளாஸை ஓரமாக வைத்துவிட்டு, இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.