படியேறி வந்த யோசனை

லிஃப்ட்டை நிறுத்தி இருபத்தொரு நாள் ஆகியிருந்தது. கீழ்த்தளத்தில் அதன் கதவின் மேல் பச்சை மையில் அச்சடித்த காகிதம் ஒட்டியிருந்தது: ‘யோசனை படியேறி வரும்.’ அதற்குக் கீழே யாரோ பென்சிலால், ‘மூச்சு படியிறங்கிப் போகும்’ என்று எழுதி, பிறகு பயந்து அழித்திருந்தார்கள். அழித்தது நன்றாகவே தெரிந்தது.

கட்டிடம் முழுக்க ஒரு குழந்தைகள் பத்திரிகைக்குச் சொந்தம்; அதன் அலுவலகம் ஆறாவது மாடியில் இருந்தது. காலையில் எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார்கள். ஒருவர் மட்டும் வாங்காமல் ஏறினார். நாலு வருடப் பழக்கம். குழந்தைகளின் கேள்விகளுக்குப் பதில் எழுதும் ‘ஏன்?’ பக்கம் அவருடையது. கொட்டாவி ஏன் தொற்றுகிறது, ஒரே பாட்டு ஏன் நாள் முழுக்க மண்டைக்குள் ஓடுகிறது, குளிக்கும்போது மட்டும் ஏன் நல்ல யோசனை வருகிறது. அதனால் அவருக்கு ‘ஏன் சார்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர் ஒருவர் “ஏன் சார்” என்று கூப்பிட, தன்னைத்தான் கேள்வி கேட்கிறார் என்று ஆசிரியர் விளக்கம் சொல்லத் தொடங்கிய வேடிக்கையும் நடந்ததுண்டு.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஓவியர் கைப்பிடியில் சாய்ந்து நின்றார். “உங்க புண்ணியத்துல, ஏன் சார், நான் யானை வரைஞ்சா அதுக்கும் மூச்சு வாங்குது” என்றார்.

அவர் சிரித்துக்கொண்டே கடந்து போனார். அடுத்த திருப்பம் வரைகூட அந்தச் சிரிப்பு தாங்கவில்லை.

நடந்தது இதுதான். ஒரு மாதத்துக்கு முன் ஆசிரியர் அவரிடம், உங்களுக்கு மட்டும் எப்படி இத்தனை யோசனை வருகிறது என்று கேட்டார். கேட்ட இடம் லிஃப்ட் வாசல். கதவு திறந்திருந்தது. ஆசிரியர் உள்ளே நின்றபடி, வாங்க, பேசிக்கொண்டே போகலாம் என்று அழைத்தார்.

“இல்ல சார். எனக்குப் படியேறும்போதுதான் யோசனை வருது.”

வாயில் வந்ததைச் சொல்லித் தப்பித்தார். ஆசிரியருக்கோ பொறி தட்டிவிட்டது. நடந்தால் மூளை சுறுசுறுப்பாகும் என்று அவரும் எங்கோ படித்திருந்தார். அடுத்த திங்களன்று லிஃப்ட் நின்றது. டாக்டர் கடிதம் கொண்டுவந்தால் மட்டும் விலக்கு. யாரும் கொண்டுவரவில்லை.

உண்மை வேறு. நாலு வருடத்துக்கு முன் வேறொரு கட்டிடத்தில் மின்சாரம் போய், இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட்டில் தனியாக மாட்டிக்கொண்டார். இருட்டு. நெஞ்சை அடைத்தது. இங்கேயே செத்துவிடுவோம் என்று நினைத்தார். வெளியே எடுத்தபோது சட்டையைப் பிழிந்திருக்கலாம். அன்றிலிருந்து லிஃப்ட் கதவு மூடும் சத்தம் கேட்டாலே கை சில்லிட்டுவிடும். பயந்தால் கை ஏன் சில்லிடுகிறது என்று ‘ஏன்?’ பக்கத்தில் படம் போட்டு விளக்கியவரே அவர்தான். உடம்பு ஓடத் தயாராகிறது, ரத்தம் பெரிய தசைகளுக்குப் போகிறது. எல்லாம் ஏட்டுச் சுரைக்காய். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. தொப்பையைக் குறைக்கப் படியேறுகிறேன் என்றார். தொப்பைக்கு அது தெரியவில்லை போலிருக்கிறது என்று அவள் கேலி செய்தாள். நாற்பத்திரண்டு வயது ஆள், பெட்டிக்குள் நிற்கப் பயம் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஓவியரைச் சந்தித்த மறுநாள் வேலை அதிகமாக இருந்ததால் சீக்கிரமே வந்தார். கட்டிடம் காலியாக இருந்தது. நாலாவது மாடித் திருப்பத்தில் பிழை அக்கா படியில் உட்கார்ந்திருந்தார். மெய்ப்புத் திருத்துபவர். ஓர் ஒற்றெழுத்துகூட அவர் கண்ணுக்குத் தப்பாது என்பதால் அந்தப் பெயர். இரண்டு கையாலும் வலது முட்டியை அழுத்திப் பிடித்திருந்தவர், இவரைப் பார்த்ததும் கையை எடுத்துப் பையைத் துழாவினார்.

“சாவியைத் தேடறேன்” என்றார்.

அலுவலகச் சாவி காவலாளியிடம் இருப்பது இருவருக்கும் தெரியும். இவர் ஒரு படி கீழே உட்கார்ந்தார்.

கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. யாரும் பார்க்காமல் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவதற்காக அக்கா தினமும் ஒரு மணி நேரம் முன்னதாக வருகிறார். பெண்கள் கழிப்பறை ஐந்தாவது மாடியில் இருக்கிறது. ஒருமுறை இறங்கினால் திரும்ப ஏறுவது பெரும்பாடு. அதனால் மாலை வரை தண்ணீர் குடிப்பதில்லை. டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்துவிடலாமே என்றார் இவர்.

“கொடுக்கலாம் தம்பி. அடுத்த மாசம் என் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கணும். கால் போன கிழவின்னு நானே எழுதிக் குடுக்கவா? வெளிய இளவயசுப் பிள்ளைங்க வரிசையில நிக்குது. நீங்களும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அக்கா கைப்பிடியைப் பற்றி எழுந்தார். பிறகு திரும்பி, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டார்.

“உண்மையிலேயே படியிலதான் யோசனை வருதா உங்களுக்கு?”

“ஆமாங்க்கா.”

“கொடுத்து வச்சவர். எனக்குப் படியில கடவுள் ஞாபகம்தான் வருது.”

அன்றே ஆசிரியரிடம் போய், வயதானவர்களுக்காவது லிஃப்ட்டைப் போடலாமே என்று சொல்லிப் பார்த்தார். ஆசிரியர் கெட்டவர் இல்லை. யாருக்குக் கஷ்டம், பெயரைச் சொல்லுங்கள், இப்போதே போடச் சொல்கிறேன் என்றார். அக்காவைச் சொன்னால் வாக்குப் போகும். தன்னைச் சொன்னால் மானம் போகும். பொதுவாகத்தான் சொன்னேன் என்று மென்று விழுங்கினார். ஆசிரியர் குரலைத் தாழ்த்தி ஒரு நல்ல செய்தியும் சொன்னார். லிஃப்ட்டை அடியோடு எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மாடிக்கு மாடி புத்தக அலமாரி வைக்கப்போகிறார்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அறிவிப்பு. பேசப்போவது, வேறு யார், இவர்தான்.

புலி வாலைப் பிடித்தாயிற்று. பிடித்துக்கொண்டே ஓடவும் முடியாது, விடவும் முடியாது. அடுத்த இரண்டு நாளும் பிழை அக்காவின் மேசைப் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றார். பார்த்தபோதெல்லாம் தண்ணீர்ப் பாட்டில் கழுத்து வரை நிறைந்தே இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லாரும் கூடினார்கள். அக்கா பின்வரிசையில், உதடு காய்ந்து, ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஆசிரியர் அலமாரியைப் பற்றி உற்சாகமாகச் சொல்லிவிட்டு இவர் பக்கம் கை காட்டினார்.

“இதுக்கெல்லாம் காரணம் இவர்தான். சொல்லுங்க, எந்த மாடியில யோசனை அதிகமா வருது?”

“சம்பள நாள்னா கீழ் மாடியிலயே வந்துடும்” என்று ஓவியர் முணுமுணுத்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

அவர் எழுந்தார். பின்வரிசையைப் பார்த்தார்; தயார் செய்துவந்த பேச்சை மடித்துப் பையில் வைத்தார்.

“எந்த மாடியிலயும் வந்ததில்ல, சார்.”

இதுவும் நகைச்சுவைதான் என்று சிலர் சிரித்தார்கள். பிறகு நிறுத்திக்கொண்டார்கள்.

“எனக்கு லிஃப்ட்ல ஏறப் பயம். ஒரு தடவை உள்ள மாட்டிக்கிட்டேன். அதுக்கப்புறம் கால் வைக்க முடியல. சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் உங்ககிட்ட கதை விட்டேன்.”

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றார் ஆசிரியர். குரலில் கோபம் இல்லை. திகைப்புதான் இருந்தது.

“சொல்லியிருக்கணும் சார். பயத்தை மறைச்சு வச்சா அது நம்மளோட நின்னுடறதில்ல. நல்ல பழக்கம்னு வேஷம் போட்டுக்கிட்டு அடுத்தவங்க தலையில ஏறிடுது. ‘என்னால முடியல’ன்னு ஒருத்தர் வாய்விட்டுச் சொல்ல முடியாத இடத்துல, என்ன நல்ல திட்டம் போட்டும் பிரயோஜனம் இல்ல.”

உட்கார்ந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பின்வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. எழப் பார்த்த பிழை அக்கா, எழாமல் அப்படியே உட்கார்ந்துகொண்டார்.

“ஐயா, நான் உக்காந்தபடியே சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க” என்றார். “என் முட்டி தேஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு. என்னால படியேற முடியல.”