எட்டுப் பேர் இழுத்த கயிறு

வங்காலைப் பொடியன்கள் எட்டுப் பேரையும் சேர்த்து நிறுத்தாலும் பேசாலைக் கழகத்து எட்டுப் பேரின் பாரம் வராது. அப்படியிருந்தும் அன்று பழகுவதற்காக இழுத்த கயிறிழுப்பில் மூன்றாவது தடவையாக வங்காலைதான் வென்றது. பாரமும் பலமும் இந்தப் பக்கம் இருக்க, கயிறு ஏன் அந்தப் பக்கம் போகிறது? கொன்ஸ்ரன்ரைனுக்கு விளங்கவில்லை. கழகத்தைத் தொடங்கியவன் அவன். இழுக்கும்போது பக்கத்தில் நின்று ‘ஏலேலோ ஐலசா’ என்று குரல் கொடுப்பவனும் அவனே.

புது அரசருக்கு முடிசூட்டும் விழாவுக்காக மன்னாரில் விளையாட்டுப் போட்டி வைக்கிறார்கள். பள்ளிக்கூட அணிகளில் படித்த பிள்ளைகளுக்குத்தான் இடம். இந்தக் கழகத்திலோ ஆரும் சேரலாம். பேசாலையில் கரைவலை இழுக்கும் நாலு பேரும், தலைமன்னார் இறங்குதுறையில் மூட்டை தூக்கும் எருக்கலம்பிட்டி முஸ்லிம் இளைஞர் நாலு பேரும் சேர்ந்திருந்தார்கள். பேசாலை நால்வரில் ஒருவன் செபமாலை. பிறவியிலேயே காது கேளாதவன். இதற்கு முன் ஒரு விளையாட்டுக்கும் அவனை எவரும் கூப்பிட்டதில்லை.

“நாளைக்குப் போட்டிப் பெயர்ப் பட்டியல் அரசாங்கக் கச்சேரிக்குப் போகவேணும்,” என்றான் வலைகாரன் வின்சன்ட். “குறை நினையாதை மச்சான். செபமாலையை எடுத்துவிடு. நீ கத்துறது அவனுக்குக் கேக்காது. பிந்தித்தானே இழுப்பான்?”

“உவன்ர குரல் கேக்காத அளவுக்கு அவன் குடுத்துவைச்சவன்,” என்றான் மூட்டை தூக்கும் றஊப், கொன்ஸ்ரன்ரைனைக் காட்டி.

கொன்ஸ்ரன்ரைனுக்குச் சிரிப்பு வரவில்லை. செபமாலை எல்லாருடைய முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தான். பிறகு கயிற்றை மெல்லக் கீழே வைத்துவிட்டுப் போய் மணலில் இருந்தான்.

வின்சன்ட் சொல்வது சரியா என்று பார்க்க ஒரு வழி இருந்தது. கொன்ஸ்ரன்ரைன் கயிற்றின் ஒரு நுனியைப் பனையில் கட்டி, மற்ற ஏழு பேரையும் இழுக்கச் சொல்லிக் குரல் கொடுத்தான். கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்த செபமாலை தொடையில் தட்டினான். இரண்டு தட்டு. மறுபடி குரல், மறுபடியும் இரண்டு தட்டு.

“என்ன, மேளம் அடிக்கிறானா?” என்றான் றஊப்.

கொன்ஸ்ரன்ரைன் கயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை குரல் கொடுத்தான். ஒரு குரலுக்குக் கயிறு இரண்டு தரம் அதிர்ந்தது. செபமாலை இல்லாமலே!

“வின்சன்ட், நீ எதிலையடா இழுக்கிறனி?”

“இதென்ன கேள்வி? ‘ஐ’ எண்ட உடனை.”

“றஊப், நீ?”

“‘சா’ எண்டு முடியேக்க. எல்லாரும் அப்பிடித்தானே?”

இருவரும் ஒருவரையொருவர் முழித்துப் பார்த்தார்கள். கரைவலை இழுப்பவர்கள் ‘ஐ’ என்றதுமே குதிகாலை ஊன்றிச் சாய்வார்கள். மிச்சச் சொல் மூச்சு விடுவதற்கு. மூட்டை தூக்குபவர்களோ சொல் முடியும்வரை மூச்சைச் சேர்த்து, ‘சா’வில் ஒரே தூக்காகத் தூக்குவார்கள். அவரவர் வேலைக்கு இரண்டும் சரி. ஒரே கயிற்றில் என்றால், பாதிப் பேர் இழுக்கும்போது மற்றப் பாதி சும்மா நிற்கிறது. வங்காலையார் எல்லாரும் ஒரே கரையில் வலை இழுப்பவர்கள். அவர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை.

“அப்ப பிழை அவனிலை இல்லை,” என்ற வின்சன்ட், போய்ச் செபமாலையின் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிவந்தான். கொன்ஸ்ரன்ரைனுக்கு அப்பாடா என்றிருந்தது.

“நீங்கள் ‘சா’வுக்கு வாங்கோவன்,” என்றான் றஊப்.

“கை பழகினதை உடனை மாத்தேலுமே? நீங்கள் ‘ஐ’க்கு வாங்கோ!”

அந்தச் சண்டை தீரப்போவதில்லை என்று கண்ட கொன்ஸ்ரன்ரைன் வாயை மூடிக்கொண்டு, முன்னால் போய் ஒரு பக்கமாக நின்று கையை உயர்த்தி இறக்கினான். எட்டுப் பேரும் கையைப் பார்த்து இழுக்க, கயிறு ஒரே ஒரு தரம் அதிர்ந்தது. பனை ஆடியது.

வங்காலையார் இன்னும் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். திரும்பக் கூப்பிட்டு இழுத்தபோது வங்காலையார் எட்டுப் பேரும் மணலில் இழுபட்டு வந்தார்கள். பட்டியலில் செபமாலையின் பெயரையே கொன்ஸ்ரன்ரைன் முதலில் எழுதினான். அதன் அடியில் தங்களுக்கென்று ஒரு விதியும் எழுதிக்கொண்டான்: குரல் இல்லை, எட்டுப் பேருக்கும் தெரிகிற இடத்தில் ஒருவன் நின்று கையை உயர்த்துவான், கை இறங்கும்போது எல்லாரும் இழுக்கவேண்டும்.