நெறிக்கு ஒரு புண்

தனராஜ் கம்பவுண்டருக்கு மனிதர்கள் எல்லோரும் முட்டுக்குக் கீழேதான். தூத்துக்குடி உப்பளக் கம்பெனி ஒன்றின் மருந்துக் கொட்டகையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்து, உப்பு தின்ற கால்களாகவே பார்த்துப் பார்த்து, ஆளின் முகம் அவருக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது. சொந்த ஊரான நாசரேத்தில், ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் யாராவது தோத்திரம் சொன்னால்கூட அவர் கண் தானாகக் கீழே போகும். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனாலும் இவர் பையனின் குதிகாலைத்தான் பார்த்துவிட்டு வருவார் என்று மனைவி கிருபை கேலி செய்வாள். அவர் சிரிப்பதில்லை. சிரிப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

அளத்து வேலை அப்படி. உப்புத் தண்ணீரில் நாளெல்லாம் நிற்கிற கால் வெடிக்கும், வெடிப்பில் சீழ் பிடிக்கும், இரண்டு மூன்று நாளில் தொடை இடுக்கில் நெறி கட்டும். அங்கே இதெல்லாம் ஜலதோஷம் மாதிரி. புதிதாக வேலைக்கு வந்தவர்கள்தான் பயந்துபோய் இடுக்கைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வருவார்கள். அவர்களுக்கென்று தனராஜிடம் ஒரு பாடம் இருந்தது. துறைமுக வாசலில் லாரியை மறித்துச் சோதிக்கிறார்களே, அதுபோல உடம்புக்குள்ளே அங்கங்கே காவல் உண்டு. காலில் புகுந்த விஷத்தை மேலே ஏறவிடாமல் இடுக்கில் மறிக்கிற காவல்தான் நெறி. அங்கே சண்டை நடப்பதால் வீங்குகிறது. சொல்லிவிட்டு முத்தாய்ப்பாக ஒன்று சொல்வார்.

"நெறி கட்டினா கீழ புண்ணத் தேடுலே. புண்ணு ஆறினா நெறி தன்னால வத்தும்."

பாடத்தில் பொய் இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அது தப்பியதில்லை. வினையே அதில்தான் இருந்தது.

மாடக்கண்ணு கொற்கைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன். வாய்க்காலில் தண்ணீர் வராத ஒரு வருஷம் பெண்டாட்டி சந்தனமாரியோடு அளத்துக்கு வந்தவன், அப்படியே தங்கிவிட்டான். முப்பத்தொரு வயது. புதுத் துறைமுகத்துக்குக் கப்பல் வரத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தபோது, சித்திரையில் ஒரு நாள், இடது தொடை இடுக்கில் நெறி என்று வந்து நின்றான். தனராஜ் காலை நீட்டச் சொன்னார். இடது குதிகாலில் வெடிப்பு இருந்தது. இல்லாமல் எப்படி இருக்கும்? அளத்தில் வெடிப்பில்லாத கால் கைக்குழந்தையின் கால் மட்டும்தான். புண்ணைக் கழுவி, மருந்துப் பொடி தூவி, ஊசி ஒன்று போட்டு, பாடத்தையும் சொல்லி அனுப்பினார்.

அவன் வைகாசியில் வந்தான், ஆடியில் வந்தான், ஆவணியிலும் வந்தான். ஒவ்வொரு முறையும் காலில் ஒரு வெடிப்பு தயாராக இருந்தது. பழையது ஆறினால் புதியது வந்திருக்கும். நெறி வலிக்கிறதா என்று தனராஜ் கேட்டாரா? கேட்கவில்லை. விரல் வைத்து அமுக்கிப் பார்த்தாரா? அதுவும் இல்லை. வரிசையில் பின்னால் நாற்பது கால்கள் நின்றன. சாயங்காலம் காய்ச்சல் வருகிறது, விடிவதற்குள் பாய் நனைகிற அளவுக்கு வேர்க்கிறது என்று ஆடியிலேயே அவன் சொன்னான். வெயில் சூடு என்று இவர் மாத்திரை கொடுத்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தது தெரிய வேண்டுமானால் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இவர் முட்டுக்கு மேலே ஏறவே இல்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. பாத்தியெல்லாம் வெள்ளக்காடாகி அளம் ஓய்ந்தது. மாடக்கண்ணு ஆத்தூருக்குப் போய் ஒரு கடையில் உட்கார்ந்து வெற்றிலை அடுக்குகிறான் என்று கேள்வி. மழைக்காலத்தில் கொட்டகைக்கு ஆள் வரத்து குறைவு. தனராஜ் நாற்காலியில் சாய்ந்து ஒழுகுகிற கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம் இருந்தது. அதை நினைத்தால்கூட அலுப்பாக இருந்தது.

மார்கழி தொடக்கத்தில் மாடக்கண்ணு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, கேட்காமலே இடது காலை நீட்டினான். குதிகாலில் புண் இருந்தது. தனராஜ் பஞ்சை எடுத்தவர், அப்படியே நிறுத்தினார். உப்பு வெடிப்பு கோணல்மாணலாகப் போகும், ஓரம் வெளுத்துத் தடித்திருக்கும். இது நேர்கோடாக இருந்தது. சுற்றிலும் தோல் புதுசாக, ஆரோக்கியமாக இருந்தது.

என்ன ஆயிற்று என்று கேட்டதற்குச் சிப்பி கிழித்துவிட்டது என்றான். ஆத்தூர் வெற்றிலைக் கடையில் ஏது சிப்பி?

"ஏலே, இது பிளேடுல்லா?"

மாடக்கண்ணு காலை இழுத்துக்கொண்டான்.

"மழைக்குக் காலு நல்லா ஆறிட்டு அண்ணாச்சி. நெறி மட்டும் போவல. புண்ணு இருந்தாத்தான் நெறின்னு நீங்க சொன்னியள்லா. புண்ணே இல்லாம நெறி இருந்தா அது என்ன எழவோன்னு பயந்துட்டேன். அதான் நானே கீறிக்கிட்டேன்."

தனராஜ் பஞ்சைக் கீழே வைத்தார். அவனைப் பெஞ்சில் படுக்கச் சொல்லி, முதல்முறையாக அந்த நெறியின் மேல் விரல் வைத்தார். எலுமிச்சம்பழம் அளவு இருந்தது. சூடில்லை. அமுக்கினால் ரப்பர் மாதிரி வழுக்கியது. வலிக்கிறதா என்று கேட்டார். ஒரு நாளும் வலித்ததில்லை என்றான். அக்குளில் விரலை விட்டார், அங்கேயும் இரண்டு இருந்தன. கழுத்தில் ஒன்று இருந்தது. புண்ணுக்காகக் கட்டுகிற நெறி தொட்டாலே ஆளைத் துள்ள வைக்கும் என்பது அவருக்குத் தெரியாததா? எல்லாம் தெரியும். தெரிந்ததைக் கையில் எடுக்கத்தான் அலுப்பாக இருந்திருக்கிறது.

சீட்டு எழுதிக் கொடுத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கலாம். இத்தனை மாசம் யார் பார்த்தது என்று அங்கே கேட்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். கொட்டகையைப் பூட்டினார். குடையை எடுத்துக்கொண்டு அவனோடு தானும் பஸ் ஏறினார்.

லேடி டாக்டர் ஜீவமணி அவனைக் கழுத்திலிருந்து கால்வரை பொறுமையாகத் தடவிப் பார்த்தார். எத்தனை மாசமாக இருக்கிறது, யாரிடம் காட்டினாய் என்று கேட்டார். மாடக்கண்ணு சட்டென்று சொன்னான்.

"யாருட்டயும் காட்டலம்மா. இப்பந்தான் அண்ணாச்சி பாத்து கூட்டிட்டு வந்தாவ."

அந்தப் பொய் தனராஜைச் சுட்டது. ஒரு நிமிஷம் அதன் நிழலில் ஒதுங்கிக்கொள்ளலாமா என்றுகூட மனசு போனது. அந்த மனசை நினைத்து அவருக்கே அருவருப்பாக இருந்தது.

"எட்டு மாசமா நாந்தாம்மா பாத்தேன்," என்றார். "காலைத்தான் பாத்தேன்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கழுத்தில் இருந்த நெறியை அன்றே வெட்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். பத்து நாள் கழித்து முடிவு வந்ததும் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். இது காலிலிருந்து ஏறியது இல்லை, காவல் நிற்கிற இடத்திலேயே முளைத்த நோய், ஒருவகைப் புற்று. சித்திரையில் வந்திருந்தால் ஒரே இடத்தோடு நின்றிருக்கக்கூடும், இப்போது மூன்று இடம். மதுரைக்குப் போய்க் கதிர்வீச்சுக் கரண்ட் வைக்க வேண்டும், மருந்தும் ஏற்ற வேண்டும். பிழைப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் உறுதியாக எதையும் சொல்ல முடியாது.

வராந்தாவுக்கு வந்தார்கள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. மாடக்கண்ணு தூணில் சாய்ந்தான். பிறகு இடது காலைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான். பத்து நாளாகியும் புண் ஆறாமல் இருந்தது. முடிவு வரும்வரை நெறிக்கு ஒரு புண் இருக்கட்டும் என்று மறுபடி கீறியிருக்கிறான்.

"அப்பம் காலை இனி ஆற விட்டிரலாமா அண்ணாச்சி?"

தனராஜ் அவன் முகத்தைப் பார்த்தார். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், எட்டு மாசமாக அவர் எதிரிலேயே நின்ற முகம்.

"ஆறட்டும்லே," என்றார்.