அரை மணி தூரம்

எங்கள் தீவில் ஒரு சிக்னல் விளக்குகூடக் கிடையாது. ரோட்டில் மான் குறுக்கே நின்றால் அதுதான் டிராஃபிக். ஆனாலும் அரசாங்கக் கணக்கில் நாங்கள் பெருநகரப் பகுதி. எதிரே மாவி தீவிலிருக்கும் கஹுலுயி நகரமும் நாங்களும் ஒரே மாவட்டமாம். நடுவில் கிடக்கும் கடல் அந்த மேதாவிகள் கண்ணில் படவில்லை.

என் அக்கா நோஹியாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் சின்ன விமானத்தில் மாவிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருவாள். கிராமப்புறங்களுக்கு டயாலிசிஸ் இயந்திரத்தை அரசாங்கமே தருகிறது என்று கேள்விப்பட்டு மனுப் போட்டோம். அமெரிக்கப் பெருநிலத்திலிருந்து ஓர் அம்மாள் போனில் விசாரித்தாள்.

"ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?"

"அரை மணிதாங்க. ஒண்ணும் கஷ்டமில்ல" என்றார் அக்காவின் கணவர் கெயோலா.

எங்களுக்குத் தூரம் என்றால் விமானம் பறக்கிற நேரம். அந்நியரிடம் மூக்கைச் சிந்துவதும் எங்களுக்கு வழக்கமில்லை. அவளோ கார் ஓடுகிற நேரமென்று எடுத்துக்கொண்டாள். நுணலும் தன் வாயால் கெடும். பெருநகரம், ஆஸ்பத்திரியும் பக்கம் என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

நான் அத்தானைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் அத்தான், நடுவுல கடல் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"தீவுன்னா சுத்திக் கடல் இருக்கும்னு அவளுக்குத் தெரியாதாடா?"

அக்கா சிரித்தாள். "விடுடா. பட்டணத்துக்காரின்னு பேராச்சும் கெடச்சுதே. உங்க அத்தானை எனக்கு ஹீல்ஸ் செருப்பு வாங்கித் தரச் சொல்லு."

மறுபடி பரிசீலிக்கச் சொல்லி எழுதிப் போட்டோம். அதற்குள் மழைக்காலம் வந்து, கோனா என்கிற தெற்குப் புயல்காற்று பிடித்துக்கொண்டது. நாலைந்து நாளாக விமானம் வரவில்லை, படகு ஓடவில்லை, ஹெலிகாப்டரும் எழும்பவில்லை. வீட்டுக்கு வா என்றால் அக்கா கேட்கவில்லை. வீங்கிய கால்களோடு விமான நிலைய பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். மேகம் விலகியபோதெல்லாம் மாவியின் மலை தெரிந்தது. அத்தான் அதை வைதுகொண்டே நடந்தார். காற்று அடங்குமுன் அக்கா என் தோளில் சாய்ந்தபடியே போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அந்த அம்மாளே மறுபடி கூப்பிட்டாள். மனுவைத் திரும்பப் பார்க்கிறார்களாம். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று இன்னொரு முறை சொல்ல வேண்டுமாம்.

அத்தான் வாசலில் கிடந்த அக்காவின் ரப்பர் செருப்பைப் பார்த்தார்.

"நடுவுல கடல் இருக்குங்க" என்றார்.